காற்றின் ஈரத்தைப் பிழிந்த கதை

ஐப்பசி பிறந்ததும் நம் வளாக வாட்ஸ்அப் குழுவில் மூன்று புகார்கள் தவறாமல் வந்துவிடும். துணி அலமாரியில் பூஞ்சை. மேல் வீட்டு ஏ.சி. தண்ணீர் எங்கள் பால்கனியில் சொட்டுகிறது. ஏ.சி.யை 18-இல் வைத்தும் படுக்கையறையில் பிசுபிசுப்பு போகவில்லை. முதல் புகார் பெயின்டரிடம் போகும், இரண்டாவது பிளம்பரிடம், மூன்றாவது ஏ.சி. மெக்கானிக்கிடம். மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான்: காற்றில் கலந்திருக்கும் தண்ணீர். அதைக் காற்றிலிருந்து பிரிக்க என்னென்ன செய்தார்கள், அதற்கு ஆகும் மின்சாரத்தைக் குறைக்க யார் யார் முயன்றார்கள் என்பது நூற்றிருபது ஆண்டுக் கதை. கம்யூனிட்டி ஹால் ஏ.சி.யை மாற்றுவது பற்றி அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்க இருப்பதால், அந்தக் கதையை இந்த இதழிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்று ஓர் அச்சகம் இருந்தது. வண்ணப் படங்கள் நிறைந்த பத்திரிகைகளை அச்சிட்டுவந்தார்கள். அந்தக் கால வண்ண அச்சில் ஒரே தாள் நிறத்துக்கு ஒரு தடவையாக இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் தாள் விரியும், குறைந்தால் சுருங்கும். இன்று சிவப்பு அடித்த தாளில் நாளை நீலம் அடித்தால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. படத்தில் இருப்பவரின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் நிற்கும். (சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்ததற்கு அந்த ஊரின் வறண்ட காற்றும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். புரூக்ளினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.) 1902 கோடையில் இந்தத் தொல்லையைத் தீர்க்கும் வேலை பஃபலோ ஃபோர்ஜ் என்ற நிறுவனத்துக்கு வந்தது. அங்கே கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து ஒரு வருடமே ஆன 25 வயது இன்ஜினியர் ஒருவர் இருந்தார். பெயர் வில்லிஸ் கேரியர். ஏ.சி. பெட்டிகளில் இன்றும் பார்க்கிறோமே, அதே பெயர்தான்.

கேரியர் முதலில் சோதித்துப் பார்த்தது குளிர்சாதன இயந்திரத்தை அல்ல. கால்சியம் குளோரைடு கரைசலில் நனைத்த சாக்குத் துணியை உருளைகளில் ஓடவிட்டு, அதன் வழியாகக் காற்றைச் செலுத்தினார். கால்சியம் குளோரைடு உப்பு ஈரத்தை இழுக்கும். அலமாரியில் மாட்டி வைக்க சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறார்களே, சில வாரங்களில் அடியில் தண்ணீர் நிரம்பிவிடும் டப்பா, அதில் இருப்பதும் பெரும்பாலும் இதே உப்புதான். சோதனையில் காற்று உலரத்தான் செய்தது. ஆனால் உப்பும் காற்றோடு சேர்ந்து வந்தது. அச்சு இயந்திரம் உள்ள இடத்தில் உப்புக் காற்று என்றால் துருதான். அந்த வழியைக் கைவிட்டார்.

பிறகு செய்ததுதான் வரலாறு. நீராவி விட்டு அறையைச் சூடாக்கும் குழாய்ச் சுருள்களில் நீராவிக்குப் பதில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, அதன்மேல் காற்றை ஊதினார். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் சுருள் வியர்த்தது, அந்தத் தண்ணீர் வடிந்தது, காற்று உலர்ந்தது. 1902 ஜூலை 17 என்று தேதியிட்ட வரைபடங்கள் தயாராயின. கிணற்று நீரும் அம்மோனியா கம்ப்ரசரும் சேர்ந்து குளிர்ச்சி தந்தன. குறி 55 சதவீத ஈரப்பதம். அங்கே வேலை செய்த தொழிலாளர்களுக்குக் கிடைத்த குளிர்ச்சி உபரி வரவு. நவீன ஏ.சி.யின் பிறப்பு என்று இந்த நாளைத்தான் சொல்கிறார்கள். அது பிறந்தது ஈரம் எடுக்கத்தான் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இங்கே கொஞ்சம் கணக்கைப் பார்த்துவிடலாம், பின்னால் வருவதெல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது. சென்னையில் வருடத்தின் பெரும்பகுதியில் ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 20 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 25 டிகிரி வெப்பமும் 55 சதவீத ஈரப்பதமும் உள்ள சுகமான அறையில் இருப்பது சுமார் 11 கிராம். மீதி 9 கிராமை எடுக்க வேண்டும். குளிரவைத்து எடுப்பதென்றால், அந்தக் காற்றைச் சுமார் 15 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால்தான் அவ்வளவு தண்ணீரும் வடியும். பள்ளிப் பாடத்தில் பனிப்புள்ளி என்று படித்தது இதுதான். ஆக நமக்கு வேண்டியது 25 டிகிரி. இயந்திரம் போக வேண்டியதோ 15-க்கும் கீழே. கூடுதலாக இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கிறது. ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக்க அதிலிருந்து சுமார் 0.68 யூனிட் அளவு வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும், இது தனி. மழைக்காலத்தில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை வடிக்கும். பால்கனியில் சொட்டுவது அதுதான்.

குளிர்விப்பதும் உலர்த்துவதும் இரண்டு தனி வேலைகள். கேரியரின் சுருள் அவை இரண்டையும் ஒரே குழாயில் கட்டிப்போட்டது. அதற்குப் பிறகு வந்த மின்சாரச் சிக்கன முறைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அந்தக் கட்டை அவிழ்க்கும் முயற்சிகள்.

கேரியரின் கதையில் இன்னும் ஒரு துண்டு பாக்கி. 1902-இன் இறுதியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனிக்கு நடுவே நின்றபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியதாம்: குளிர்ந்த தண்ணீரைப் பொடித்தூவலாகத் தெளித்து அதன் வழியே காற்றை அனுப்பினால், தண்ணீரைக் கொண்டே காற்றை உலர்த்தலாம். கேட்பதற்கு முரண்பாடு. ஆனால் தெளிக்கும் நீர் பனிப்புள்ளிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் காற்றில் உள்ள ஆவி அந்தத் துளிகளிலேயே ஒட்டிக்கொள்ளும். 1906-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லை அதே 1906-இல் முதலில் பயன்படுத்தியவர் கேரியர் அல்லர். ஸ்டூவர்ட் கிரேமர் என்ற நூற்பாலை இன்ஜினியர். வேடிக்கை என்னவென்றால் அவர் செய்தது ஆலைக் காற்றில் ஈரத்தைக் கூட்டும் வேலை, நூல் அறாமல் இருப்பதற்காக. 1911 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் கேரியர் வாசித்த கட்டுரை, காற்று, வெப்பம், ஈரம் மூன்றையும் இணைக்கும் சூத்திரங்களைத் தந்தது. ஏ.சி. வடிவமைப்பவர்கள் இன்று கையில் வைத்திருக்கும் வரைபடத்தின் வேர் அங்கேதான்.

அதே சில ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறு இரண்டு இடங்களில் நடந்தவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என் கணக்கில் அவைதான் சிக்கனக் கதையின் முதல் அத்தியாயங்கள்.

ஒன்று, நியூயார்க் பங்குச் சந்தைக் கட்டடம். 1903-இல் திறக்கப்பட்டது. ஆல்ஃபிரட் வோல்ஃப் என்பவர் அதன் வர்த்தக அரங்குக்குக் குளிர்ச்சியும் உலர்வும் தரும் ஏற்பாட்டை வடிவமைத்தார். கட்டடத்துக்கு மின்சாரம் தயாரித்த நீராவி இயந்திரங்களிலிருந்து வீணாக வெளியேறிய நீராவியையே எரிபொருளாகக் கொண்டு அம்மோனியா உறிஞ்சுமுறைக் குளிர் இயந்திரங்கள் ஓடின. வெளியே விட வேண்டிய வெப்பம் உள்ளே குளிர்ச்சியாகத் திரும்பியது. அந்த ஏற்பாடு இருபது ஆண்டுகள் போல ஓடியது. வீண் வெப்பத்தைப் பயன்படுத்துவது என்று இன்று புதுமையாகப் பேசுகிறோம். 1903-இல் செய்து முடித்துவிட்டார்கள்.

இரண்டாவது, பிட்ஸ்பர்க் அருகே எட்னா என்ற ஊரில் இருந்த இசபெல்லா இரும்பு உலை. ஊதுலைக்குள் செலுத்தும் காற்றில் ஈரம் இருந்தால், அந்தத் தண்ணீரை உடைக்கவே உலையின் வெப்பம் கொஞ்சம் போய்விடும். ஈரம் நாளுக்கு நாள் மாறுவதால் உலையும் நாளுக்கு ஒரு குணமாக இருக்கும். ஜேம்ஸ் கெய்லி என்பவர் 1904-இல் காற்றைக் குளிர்க்குழாய்கள் வழியே அனுப்பி, ஈரத்தை எடுத்துவிட்டு உலைக்குள் ஊதினார். கோக் கரிச் செலவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, இரும்பு உற்பத்தி சுமார் கால் பங்கு கூடியது என்று முடிவுகளை வெளியிட்டபோது உலோகத் துறையில் பலர் நம்ப மறுத்து வாதிட்டார்கள். குளிர்விக்கச் செலவிட்ட ஆற்றலைவிட மிச்சமானது அதிகம். ஈரத்தை எடுப்பதே ஆற்றலை மிச்சப்படுத்தும் வழியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதன் பிறகு மின்சாரம் மலிந்தது, சிக்கனம் மறந்தது. 1950, 60-களில் அமெரிக்காவில் எழுந்த பெரிய அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில், கட்டடத்துக்குப் போகும் காற்று முழுவதையும் 13 டிகிரி வரை குளிர்வித்து ஈரத்தை வடித்துவிட்டு, அறைக்குள் நுழையும் இடத்தில் ஹீட்டர் வைத்து மறுபடி சூடாக்கினார்கள். குளிர்விக்க ஒரு செலவு, குளிர்ந்ததைச் சூடாக்க இன்னொரு செலவு. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1975-இல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வெளியிட்ட ஆற்றல் சிக்கனத் தரநிலை இந்த மறுசூடாக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இதற்கிடையில் கேரியர் கைவிட்ட உப்பு வழி செத்துப்போகவில்லை, வேறு ஆட்கள் கைக்குப் போயிருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் பேட்ரிக் 1919-இல் சிலிக்கா ஜெல் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரின் விஷவாயு முகமூடிகளுக்கான தேவையிலிருந்து வந்த பொருள் அது. புதுச் செருப்புப் பெட்டியில் 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதி வரும் சின்னப் பொட்டலம் அதுதான். ஒரு கிராம் சிலிக்கா ஜெல்லுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பு பல நூறு சதுர மீட்டர். நம் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டைப் போல் சில ஃபிளாட்டுகளை ஒரு சிட்டிகைக்குள் மடித்து வைத்தது போல. அந்தச் சுவர்களில் எல்லாம் ஆவி ஒட்டிக்கொள்ளும். சூடாக்கினால் விட்டுவிடும். திரும்பவும் பயன்படுத்தலாம்.

1930-களில் லித்தியம் குளோரைடு உப்புக் கரைசலைத் தெளித்துக் காற்றை உலர்த்தும் இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. 1955-இல் நீல் பென்னிங்டன் என்பவர் ஈரம் உறிஞ்சும் பொருள் ஏற்றிய ஒரு சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்வீடனில் கார்ல் முன்டர்ஸ் (மாணவராக இருந்தபோதே நண்பர் பிளாட்டனோடு சேர்ந்து கம்ப்ரசர் இல்லாத ஃபிரிட்ஜை உருவாக்கியவர்) அதே கருத்தைத் தொழிலாக வளர்த்தெடுத்தார். சக்கரம் தேனடை போல இருக்கும், மணிக்கு சில சுற்றுகள் என்று மெதுவாகச் சுழலும். சக்கரத்தின் முக்கால் பங்கு வழியே அறைக்குப் போகும் காற்று செல்லும். ஈரத்தைச் சக்கரம் வாங்கிக்கொள்ளும். மீதிக் கால் பங்கு வழியே சூடான காற்றை எதிர்த்திசையில் ஊத, வாங்கிய ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். காற்றை 15 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியதே இல்லை. மருந்துத் தொழிற்சாலைகளில் மாத்திரை தயாரிக்கும் அறைகளில் இந்தச் சக்கரங்கள் ஓடுகின்றன.

விற்பனையாளர்கள் சொல்லாத ஒன்றை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சக்கரத்தை உலர்த்தும் சூடான காற்று சும்மா வருவதில்லை. அதை மின்சார ஹீட்டரில் தயாரித்தால், சாதாரண ஏ.சி.யைவிட இந்த முறைக்கு மின்சாரம் கூடவே ஆகும். உலர்ந்து வரும் காற்றும் சூடாக வரும், அதைத் தனியாகக் குளிர்விக்க வேண்டும். வெப்பம் இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும் இடத்தில்தான் உறிஞ்சும் முறை சிக்கனம்: வெயில், கொதிகலனின் கழிவு வெப்பம், ஜெனரேட்டர் புகை இப்படி. அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த ஜார்ஜ் லாஃப், வெயிலில் சூடாக்கிய ட்ரை எத்திலீன் கிளைக்கால் திரவத்தை வைத்து உலர்த்தலாம் என்று 1955-இலேயே முன்வைத்தார். சென்னை ஐ.ஐ.டி.யிலும் திரவ உறிஞ்சிகள் பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

இந்த யோசனை பெரிய அளவில் நிறைவேறியதைப் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூருக்குப் போக வேண்டும். நம் வளாகத்தில் பலர் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது கார்டன்ஸ் பை தி பே போய் வந்திருப்பீர்கள். 2012-இல் திறந்த அந்த இரண்டு பிரமாண்டமான கண்ணாடிக் கூடங்கள், ஃபிளவர் டோமும் கிளவுட் ஃபாரஸ்ட்டும், நிலநடுக்கோட்டுக்கு அருகே குளிர்ந்த ஊர்ச் செடிகளை வளர்க்கின்றன. அங்கே உள்ளே வரும் காற்றைத் திரவ உறிஞ்சியால் முதலில் உலர்த்திவிட்டுத்தான் குளிர்விக்கிறார்கள். ஈரம் குடித்த திரவத்தை மறுபடி தயார்செய்யும் வெப்பம், தோட்டக் கழிவுகளை எரிக்கும் கொதிகலனிலிருந்து வருகிறது. கேரியரின் சாக்குத் துணி ஒரு நூற்றாண்டு சுற்றிவந்து அங்கே நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்னொரு வழி உப்பைத் தொடாமலேயே வந்தது. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 'ஹீட் பைப்' என்ற மூடிய குழாயை உருவாக்கினார். உள்ளே கொஞ்சம் திரவம். ஒரு முனையில் ஆவியாகும், மறுமுனையில் குளிர்ந்து திரும்பும். மோட்டாரும் பம்பும் இல்லாமல் வெப்பத்தைக் கடத்திவிடும். விண்வெளி வேலைகளுக்குப் பயன்பட்ட இந்தக் குழாயை 1980-களில் புளோரிடாவில் ஏ.சி. சுருளைச் சுற்றி வளைத்துப் பொருத்தினார்கள். உள்ளே வரும் சூடான காற்றின் வெப்பத்தைக் குழாய் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். அதனால் சுருளுக்குக் குளிர்விக்கும் வேலை குறைந்து, ஈரம் வடிக்கும் வேலைக்குத் திறன் மிஞ்சும். வாங்கிய வெப்பத்தைச் சுருளைத் தாண்டிய காற்றுக்குக் குழாய் திருப்பிக் கொடுத்துவிடும். ஹீட்டரின் வேலை செலவில்லாமல் முடிந்தது. ஊதும் காற்றாடிக்கு மட்டும் கொஞ்சம் சுமை கூடும்.

நம் நாட்டில் இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்த்ததற்கு நல்ல சாட்சி ஹைதராபாத்தில் இருக்கிறது. 2011-இல் இன்ஃபோசிஸ் அங்கே கட்டிய ஓர் அலுவலகக் கட்டடத்தை இரண்டு சம பாதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் நல்ல தரமான வழக்கமான ஏ.சி. மறுபாதியில் கூரைக் கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். உள்ளே வரும் வெளிக்காற்றின் ஈரத்தை மட்டும் தனி இயந்திரம் எடுத்தது. ஈரம் எடுக்கும் பொறுப்பு இல்லாததால் கான்கிரீட்டுக்குள் ஓடும் நீரை அவ்வளவு குளிர்விக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பாதியின் மீட்டர்களையும் ஒப்பிட்டபோது, பிரித்த பாதி சுமார் 34 சதவீதம் குறைவாக மின்சாரம் எடுத்திருந்தது. ஒரே கட்டடம், ஒரே வெயில் என்பதால் இந்த எண்ணை நான் மதிக்கிறேன்.

வீட்டு ஏ.சி. பக்கம் வந்தால், 2018-இல் இந்திய அரசும் அமெரிக்காவின் ராக்கி மவுன்டன் இன்ஸ்டிட்யூட்டும் மற்றவர்களும் சேர்ந்து 'குளோபல் கூலிங் பிரைஸ்' என்ற போட்டியை அறிவித்தார்கள். வழக்கமான அறை ஏ.சி.யைவிட ஐந்து மடங்கு குறைவான சுற்றுச்சூழல் பாதிப்பு வேண்டும் என்பது நிபந்தனை. இன்னொரு நிபந்தனை நமக்கு முக்கியம்: அறை 27 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் மேலே போகக் கூடாது. ஈரத்துக்கும் மதிப்பெண் வைத்தார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த எட்டு அணிகளின் மாதிரிகள் ஹரியானாவின் பல்வலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், நம்மைப் போன்ற ஃபிளாட்டுகளில் பொருத்திச் சோதிக்கப்பட்டன. 2021 ஏப்ரலில் சிங்குவா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த கிரீ அணியும், நிக்கென் செக்கேயோடு சேர்ந்த டைக்கின் அணியும் வென்றன. இரண்டுமே சுருளை முழுவதும் தூக்கி எறியவில்லை. குளிரையும் ஈரத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் அறிவை அதற்குக் கொடுத்தன.

அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2010-இல் வெளியிட்ட வடிவமைப்பு ஒன்றையும் குறிப்பிடத்தான் வேண்டும். உப்புக் கரைசலையும் காற்றையும் ஒரு மெல்லிய சவ்வு பிரிக்கிறது. ஆவி சவ்வைக் கடந்து உப்புக்குள் போகும், உப்போ காற்றுக்குள் வராது. அதாவது 1902-இல் கேரியரைத் திருப்பி அனுப்பிய அதே துருப் பிரச்சினைக்குத் தீர்வு. 50 முதல் 90 சதவீதம் வரை ஆற்றல் மிச்சமாகும் என்று அந்த ஆய்வகம் மதிப்பிட்டது. இவ்வளவு இடம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. சுகமான அறைக் காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க இயற்பியல் விதி கேட்கும் குறைந்தபட்ச விலை சுமார் 0.02 யூனிட்தான். கடையில் விற்கும் டீஹ்யூமிடிஃபையர் அரை யூனிட்டுக்கு மேல் எடுக்கிறது.

அந்த டீஹ்யூமிடிஃபையரைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். பூட்டிக் கிடக்கும் அறை, புத்தக அலமாரி, பீரோ உள்ள மூலை இவற்றுக்கு நல்லது. ஆனால் அது வடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை அதே அறைக்குள் விடுகிறது. படுக்கையறையில் இரவெல்லாம் ஓடவிட்டால் புழுக்கம் போய் வெக்கை வரும். ஏ.சி.யில் உள்ள 'டிரை' பொத்தான் பெரும்பாலான மாடல்களில் காற்றாடியின் வேகத்தைக் குறைத்துச் சுருளை இன்னும் குளிரவைக்கிறது, அவ்வளவுதான். மழைக்காலத்துக்கு அது பொருத்தம், கோடைக்கு அல்ல. அறைக்கு மிஞ்சிய டன்னில் ஏ.சி. வாங்குவது ஈரத்துக்கு எதிரி: சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், காற்றாடி மட்டும் ஓடும், சுருளில் ஒட்டியிருந்த தண்ணீர் திரும்பவும் அறைக்குள்ளேயே ஆவியாகும். புளோரிடாவின் சூரிய ஆற்றல் மையம் இதை அளந்து காட்டியிருக்கிறது. ஸ்டார் லேபிளில் குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்த மொத்தக் கணக்குத்தான் இருக்கிறது. ஈரம் எடுக்கும் திறன் தனியாக இல்லை. 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததே, அது நல்ல விதி. ஈரம் 55-க்குக் கீழே இருந்தால் ஃபேனோடு 26-கூடச் சுகமாகவே இருக்கும்.

இனி ஹால். விழா நாளில் 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 50, 60 கிராம் ஈரத்தை விடுவார். ஆகமொத்தம் 10 முதல் 12 லிட்டர். மூச்சு முட்டாமல் இருக்க ஆளுக்கு நொடிக்கு 7 லிட்டர் வெளிக்காற்று விட்டால், மேலே சொன்ன 9 கிராம் கணக்கில் அந்தக் காற்று கொண்டுவரும் ஈரம் மணிக்கு சுமார் 50 லிட்டர். ஆட்களைப் போல நான்கு மடங்குக்கு மேல். வந்திருக்கும் மூன்று கொட்டேஷன்களில் இரண்டு இந்த வெளிக்காற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை. கதவு திறந்து மூடும்போது வருவது போதும் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது, வெளிக்காற்றை நேரே ஏ.சி.க்குள் விட்டு டன்னைக் கூட்டியிருக்கிறது.

பென்னிங்டன் சக்கரத்தின் தம்பி ஒன்று இருக்கிறது, இ.ஆர்.வி. என்பார்கள். வெளியேறும் குளிர்ந்த உலர்ந்த காற்றையும் உள்ளே வரும் சூடான ஈரக் காற்றையும் ஒரே சக்கரத்தின் இரு பக்கங்களில் ஓடவிட்டு, ஈரத்தை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். ஹீட்டர் வேண்டாம், சக்கரத்தைச் சுற்றச் சின்ன மோட்டாரும் இரண்டு ஃபேன்களும் போதும். நம் நாட்டு ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் சாதாரணமாகவே இருக்கிறது. ஈரத்தில் 60 சதவீதத்தைத் திருப்பினால்கூட மணிக்கு 30 லிட்டர் மிச்சம், ஏ.சி. கணக்கில் அது கிட்டத்தட்ட 6 டன். அந்த அளவுக்குச் சிறிய ஏ.சி. போதும். ஆனால் கழிப்பறைக் காற்றையும் சமையல் இடத்துக் காற்றையும் அந்தச் சக்கரத்தின் வழியே விடக் கூடாது, ஃபில்டரைத் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். இந்த இரண்டும் நம் மெயின்டனன்ஸ் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பொதுக்குழுவுக்கு முன் மூன்று நிறுவனங்களிடமும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வாங்கித் தருமாறு செயலாளரைக் கேட்டிருக்கிறேன்: 200 பேர் இருக்கும்போது ஹாலின் ஈரப்பதம் எத்தனை சதவீதத்தில் நிற்கும், இ.ஆர்.வி. சேர்த்தால் டன் எவ்வளவு குறையும். கொட்டேஷன் நகல்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.